கருவியைப் பேணுதல்: ஒரு பொழுதுபோக்கின் கணக்கு

மரம் அறுக்கும் ரம்பம் ஒன்றைப் பற்றி எழுதவிருக்கிறோம் என்று சொன்னதும் இலக்கிய நண்பர் ஒருவர் புருவத்தை உயர்த்தினார். கவிதையும் நாவலும் பேச வேண்டிய இடத்தில் ரம்பத்துக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். தமிழ் படித்தவர்கள் கையில் எழுதுகோலைத் தவிர வேறு கருவி இருந்தால் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கும், கொஞ்சம் இரக்கமாகவும் இருக்கும். இக்கட்டுரை அந்த நண்பருக்கு நாங்கள் சொல்லும் விடை. விடை சற்று நீளும். நடுவில் எண்ணெய், துரு, உப்புத்தாள் எல்லாம் குறுக்கிடும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் என்பது மூவர். தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரியில் ஆசிரியர்கள். இருவர் தமிழ்த்துறை, ஒருவர் இயற்பியல் துறை. 2019ஆம் ஆண்டில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து பழைய ஸ்க்ரோல் ரம்பம் ஒன்றை மூவரும் பணம் போட்டு வாங்கினோம். எங்களுள் ஒருவர் வீட்டில் மாடு இல்லாத மாட்டுத்தொழுவம் ஒன்று இருந்தது. அதைக் கழுவி, ஒரு மின்விளக்கும் மேசையும் போட்டுப் பட்டறை என்று பெயர் வைத்துக்கொண்டோம். அன்று முதல் சனிக்கிழமை மாலைகள் அங்கேதான் கழிகின்றன.

*

கருவியை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். தையல் எந்திரத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி இருக்கும் இடத்தில் ஐந்து அங்குல நீளமுள்ள, நூலைவிடச் சற்றே தடித்த ரம்பத் தகடு ஒன்று செங்குத்தாக நிற்கிறது. மேலும் கீழும் இரு கைகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. மோட்டார் ஓடும்போது அத்தகடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முதல் 1,600 முறை வரை ஏறி இறங்கும். ரம்பம் நகராது, பலகையைத்தான் நாம் திருப்ப வேண்டும். துணியைத் திருப்பித் தைப்பது போலப் பலகையைத் திருப்பி அறுத்தால் கொடி, தழை, மயில், எழுத்து என எந்த வளைவையும் பெறலாம். பலகையின் நடுவில் மட்டும் அறுக்க வேண்டுமானால் அங்கே நுண்துளை ஒன்றிட்டு, தகட்டை அதன் வழியே நுழைத்து, மறுபடி பூட்டி அறுக்க வேண்டும். ஜாலி வேலைப்பாடு முழுவதும் இந்த ஒரே செயலைப் பலமுறை செய்வதுதான்.

தமிழில் இதற்குப் பெயரிட முயன்று தோற்றோம். 'சுருள்வாள்' என்று மொழிபெயர்த்தால் சிலம்பக்காரர்கள் சுழற்றும் வளையும் வாள் என்று பொருள்பட்டுவிடும். ஜெர்மானியர் இதன் கைக்கருவிக்கு இட்ட பெயருக்குத் 'தழை ரம்பம்' என்பது நேர்ப்பொருள். தழையும் கொடியுமான பூவேலைகளுக்குப் பயன்பட்டதால் அப்பெயர். அழகான பெயர்தான். ஆனால் கடைக்காரரிடம் போய்த் தழை ரம்பம் கேட்டால் புல் வெட்டும் கருவியைக் காட்டுவார். ஆகவே ஊரார் சொல்வதையே நாங்களும் சொல்கிறோம். பொற்கொல்லர் பட்டறையில் தகடு அறுக்கும் சிறிய வில்ரம்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இதன் மூதாதை அதுபோன்ற கைக்கருவிதான்.

இதன் வரலாறு பொழுதுபோக்கின் வரலாறாகத் தொடங்கவில்லை. பிரான்சில் பதினான்காம் லூயி மன்னனின் அவைத் தச்சர் ஆந்த்ரே சார்ல் பூல் (1642–1732) ஆமை ஓட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுண்ரம்பத்தால் ஒரே வெட்டில் அறுத்தார். ஓட்டில் விழுந்த பள்ளத்தில் பித்தளைப் பூ பொருந்தும், பித்தளையில் விழுந்த பள்ளத்தில் ஓட்டுப் பூ பொருந்தும். ஒரு வெட்டில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு சித்திரங்கள். 1760களில் லண்டன் நகரத்து வரைபடக்காரர் ஜான் ஸ்பில்ஸ்பரி, நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி எல்லைக்கோடுகள் வழியே அறுத்து, குழந்தைகள் சேர்த்துப் பார்த்துப் புவியியல் கற்கும்படி விற்றார். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் படப்புதிரின் தொடக்கங்களுள் ஒன்று அது. 

பொழுதுபோக்காக இது பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். காலால் மிதித்து ஓட்டும் ரம்ப எந்திரங்கள் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் வந்தன. இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்து டெரெஹாம் என்னும் சிற்றூரிலிருந்து 'ஹாபீஸ்' என்ற நிறுவனம் 1895 முதல் வார இதழ் ஒன்றை நடத்தியது. இதழோடு அறுப்பதற்கான வரைபடத் தாளையும் இணைத்துக் கொடுத்தார்கள். அலுவலக எழுத்தர்களும் பள்ளி மாணவர்களும் மாலையில் அதைப் பலகையில் ஒட்டி அறுத்துச் சுவர்மாடமும் படச்சட்டமும் செய்தார்கள். நமது வார இதழ்களோடு கோலப் புத்தகம் இலவசமாக வந்ததை நினைவுகூர்பவர்களுக்கு இந்த வணிகம் விளங்கும்.

1932, 1933 ஆண்டுகளில் நடந்த ஒன்றை இங்கே குறித்துவைக்க வேண்டும். பின்னர் பயன்படும். அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி ஆட்டிக்கொண்டிருந்த காலம். வேலையிழந்த தச்சர்களும் கைவினைஞர்களும் வீட்டில் ஒரு ரம்பத்தை வைத்துக்கொண்டு மரப் படப்புதிர் அறுத்து விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். அந்நாட்டையே புதிர்ப் பித்து பிடித்திருந்தது. ஆனால் அதே பித்தைப் பயன்படுத்தி, அச்சால் ஒரே அழுத்தில் வெட்டிய அட்டைப் புதிர்கள் மிக மலிவாகக் கடைக்கு வந்தன. கைவேலையின் விலை அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

*

இனி எங்கள் வேலைக்கு வருவோம். தமிழாசிரியர் கையில் ரம்பம் கிடைத்தால் எதை அறுப்பார்? எழுத்தைத்தான். எங்கள் முதல் பணி 'அன்பகம்' என்ற பெயர்ப்பலகை. அறுக்கத் தொடங்கிய பிறகுதான், இருபதாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் எழுத்துகளை நாங்கள் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

அகரத்தில் மூடிய கண் ஒன்று உண்டு. னகரத்தில் சுழி உண்டு. ககரத்தின் வயிற்றில் வெளி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, ஒவ்வொரு துளைக்கும் ஒருமுறை தகட்டைக் கழற்றி நுழைத்துப் பூட்ட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். தகடுகளில் இரு வகை உண்டு. முனையில் குறுக்காகச் சிறு ஊசி பதித்தவை ஒரு வகை. மாட்டுவது எளிது. ஆனால் அந்த ஊசி நுழைய நான்கைந்து மில்லிமீட்டர் துளை வேண்டும். அவ்வளவு பெரிய துளை போட்டால் னகரச் சுழியே அத்துளைக்குள் மறைந்துவிடும். ஊசியில்லாத மொட்டைத் தகடுகள் மற்றொரு வகை. அவற்றைப் பூட்டுவது தொல்லை, ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டும் அறுப்பவருக்கு ஊசித் தகடு பெரும்பாலும் போதும். தமிழ் அறுக்க வேண்டுமென்றால் மொட்டைத் தகடுதான்.

பிறகு புள்ளி. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் முதல் நாம் கற்பிக்கும் பாடம். ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை இடாமல் விட்டார்கள் என்பதும், அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடும் நாம் கற்பிப்பவையே. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வதுண்டு. மரத்தில் சிக்கல் வேறு. புள்ளி எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்பது. எழுத்தை வெட்டி எடுத்தால் புள்ளி தரையில் விழுந்து மரத்தூளுக்குள் தொலையும். 'அன்பகம்' என்ற சொல்லில் இரண்டு புள்ளிகள். அவற்றைத் தேடி நாங்கள் தொழுவத்தில் குனிந்து திரிந்த காட்சியை எங்கள் மாணவர்கள் காணாதது நல்லூழ். பின்புறம் வேறு பலகை ஒட்டி அதன்மேல் புள்ளியை வைக்கலாம். அல்லது எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே மெல்லிய காம்பு ஒன்று விட்டு வரைய வேண்டும். 

1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தைப் பற்றியும் ரம்பத்துக்கு ஒரு கருத்து உண்டு. பழைய ணை, லை, னை ஆகியவற்றின் தும்பிக்கை எழுத்தோடு சேர்ந்தே இருந்தது. ஒரே துண்டாக அறுக்கலாம். சீர்திருத்திய வடிவத்தில் ஐகாரக் குறி தனித் துண்டாக உதிர்ந்துவிடும். அச்சுக்கோப்புக்கும் தட்டச்சுக்கும் புதிய வடிவமே வசதி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ரம்பத்துக்கு மட்டும் பழையது வசதி. எழுத்தின் வடிவம் கருவியோடு பேரம் பேசி அமைவது என்பதைப் பல நூல்களில் படித்திருந்தும் கைவழியாக அறிந்தது அன்றுதான்.

*

இதுவரை சொன்னவை எங்கள் பெருமைகள். இனிச் சிறுமைகள்.

முதல் மழைக்காலம் முடியும்போது எங்கள் ரம்பம் வேலை செய்ய மறுத்தது. தகடு பூட்டியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் அறுத்தால் ஒருமுறை 'டப்' என்று விடுபடும். திருகை இன்னும் இறுக்கினோம், திருகின் மரை தேய்ந்தது. இழுவிசையைக் கூட்டினோம், தகடு ஒடிந்தது. அறுத்த இடமெல்லாம் கருகியது. இயற்பியல் நண்பர் உராய்வுக் கெழுவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இறுதியில் எந்திரமே மோசம், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

பக்கத்துத் தெருவில் ஒரு தச்சர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி, எங்களுக்கும் அப்படியே. தொழுவத்துக் கதவுக்குக் கீல் மாட்ட வந்தவரிடம் எங்கள் முறையீட்டைச் சொன்னோம். அவர் புதிய தகடு ஒன்றை உறையிலிருந்து எடுத்து விரல்களுக்கிடையே உருவிப் பார்த்தார்.

"தகடுல எண்ண இருக்குல்லா சார்? துருப் பிடிக்காம இருக்கக் கம்பெனிக்காரன் தடவி அனுப்புதான். அதோட பூட்டுனா வழுக்கத்தான செய்யும்? ரெண்டு முனையவும் துடைச்சு, உப்புத்தாள்ல ஒரு இழுப்பு இழுங்க."

அவ்வளவுதான். தகடு அதன்பின் நழுவவில்லை. அவர் அதோடு விடாமல் எந்திரத்தைச் சுற்றி வந்தார். பூட்டியின் இடுக்கில் மரத்தூள் கட்டியாக இறுகியிருந்தது. தூளை ஊதும் குழாய் அடைபட்டிருந்தது. மேசைத் தட்டில் துரு. அசையும் மூட்டுகளில் நாங்கள் தாராளமாக விட்டிருந்த தேங்காயெண்ணெய் பிசுக்காகித் தூளைப் பிடித்துப் பசைபோல் இருந்தது. எந்திரத்தின் நெற்றியில் மட்டும், சென்ற ஆயுதபூசைக்கு நாங்கள் இட்ட சந்தனமும் குங்குமமும் பழுதின்றி இருந்தன. அண்ணாச்சி அதைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆண்டுக்கொரு நாள் கருவிக்குப் பொட்டு வைக்கும் வழக்கத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கருவிக்கு நன்றி சொல்லும் பண்பாடு உயர்ந்ததே. ஆனால் அண்ணாச்சியின் பட்டறைக்குப் போய்ப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. அவர் தினமும் காலையில் வேலை தொடங்குமுன் உளிகளையும் இழைப்புளியின் தகட்டையும் சாணைக்கல்லில் தீட்டுகிறார். அந்த அரைமணி நேரத்தில் அவரோடு யாரும் பேசுவதில்லை. அவருக்கு ஆயுதபூசை ஆண்டில் முந்நூறு நாள் நடக்கிறது. எங்களுக்கு ஒருநாள் நடந்தது, அதுவும் சுண்டலுக்காக.

அதன்பின் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறோம். இத்துறையில் இறங்க எண்ணும் வாசகர்களுக்குப் பயன்படலாம். தகட்டைப் பூட்டி இழுவிசை ஏற்றியபின் வீணைத் தந்தியைப் போல விரலால் மீட்டிப் பார்க்க வேண்டும். தெளிந்த, உயர்ந்த ஒலி வந்தால் சரி, மந்தமாக ஒலித்தால் தளர்ச்சி. மேசை தகட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அறியத் தடித்த கட்டை ஒன்றில் மேலோட்டமாக ஒரு வெட்டு இட்டு, கட்டையை அரைவட்டம் திருப்பி, அதே வெட்டைத் தகட்டின் பின்புறம் கொண்டுவந்து பொருத்த வேண்டும். தகடு தடையின்றி வெட்டுக்குள் நுழைந்தால் மேசை நேர், இல்லையென்றால் சாய்வு. பல தகடுகளின் ஒரு பக்கத்தில் மட்டும் செய்முறையின்போது நுண்பிசிர் நின்றுவிடுவதால் வெட்டு ஒருபுறமாக இழுக்கும். அது பிழையன்று, இயல்பு. இழுப்புக்கு ஈடாகப் பலகையைச் சற்றுச் சாய்த்துத் தள்ளக் கை பழக வேண்டும். தேக்கில் மணற்சத்து இருப்பதால் தகடு விரைவில் மழுங்கும். மழுங்கிய தகட்டைக் கொண்டு அழுத்தித் தள்ளினால் அது வில்லாக வளையும். மேலே சரியாகத் தெரியும் வட்டம் பலகையின் அடியில் வேறு வடிவமாக இருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில் வரைபடத்தின்மேல் பார்சல் ஒட்டும் நாடாவை ஒட்டினால் கருகுவது குறைகிறது. மேசைத் தட்டுக்கு மெழுகு தேய்க்கலாம், சிலிக்கோன் கலந்தவை ஆகா. அது மரத்தில் படிந்தால் பின்னர் வார்னிஷ் பிடிக்காது. எண்ணெய் விடும் மூட்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு துளி. மூடிய பேரிங் உள்ள எந்திரமானால் எண்ணெயே கூடாது, கையேட்டைப் படிக்க வேண்டும். 

இவை எல்லாவற்றினும் முக்கியமானது முகக்கவசம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. மரவாசனை நன்றாகத்தான் இருக்கும். அதை முகர்வதற்கு வேறு நேரம் உண்டு.

*

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கருவி சீரானதும் எங்கள் பலகைகள் அழகாயின. பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவருக்குப் பூவரச மரத்தில் பெயர்ப்பலகை ஒன்று செய்து பரிசளித்தோம். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். தெரிந்தவர்களிடம் இலாபம் பார்ப்பது அழகன்று என்று எண்ணி, மரத்தின் விலையையும் வார்னிஷையும் மட்டும் சேர்த்து முந்நூறு ரூபாய் வாங்கினோம். ஓராண்டில் இருபதுக்கு மேல் செய்தோம். எங்களுக்குள் ஒரு பெருமிதம். படித்தவர்கள் கைவேலை செய்கிறோம், மலிவாகவும் கொடுக்கிறோம், தமிழையும் வாசலில் ஏற்றுகிறோம்.

ஒருநாள் அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல் தேநீர் குடித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"புது வீட்டுக்காரரு ஒருத்தரு பேர்ப்பலகை கேட்டாரு சார். ஆயிரத்து ஐந்நூறு சொன்னேன். காலேஜ் சாருங்களே முந்நூறுக்குத் தாராங்க, நீ என்ன இப்படிக் கேக்கன்னுட்டாரு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். நாங்கள் மூவரும் அன்று மாலை ஒன்றும் அறுக்கவில்லை.

எங்கள் முந்நூறு ரூபாய்க் கணக்கை எடுத்துப் பார்த்தோம். ஒரு பலகைக்கு வரைவதும் அறுப்பதும் ஏழு மணி நேரம். உப்புத்தாள் இட்டுத் தேய்ப்பது மூன்று மணி நேரம். ஒடிந்தும் மழுங்கியும் போகும் தகடுகள் ஐந்தாறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் எந்திரத்தைத் துடைத்து, மேசையைச் சரிபார்த்து, எண்ணெய் விட்டு, குழாய் அடைப்பை எடுத்து, துரு தேய்த்து வைக்க அரைமணி நேரத்துக்குக் குறையாது. இவற்றில் ஒன்றுகூட முந்நூறு ரூபாயில் இல்லை. எங்கள் மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வருவதால் இவற்றை நாங்கள் எண்ணவே இல்லை. அண்ணாச்சியின் ஆயிரத்து ஐந்நூறில் இவை அனைத்தும் இருக்கின்றன. தினமும் காலையில் யாரும் பார்க்காத அந்த அரைமணி நேரச் சாணையும் அதில் இருக்கிறது.

எனவே எங்கள் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். பொழுதுபோக்காகக் கைவினை செய்பவர் தம் பொருளை இரண்டு வழிகளில் மட்டுமே பிறருக்குத் தரலாம். ஒன்று, பரிசாக. மற்றொன்று, அத்தொழிலால் வாழ்பவர் கேட்கும் அதே விலைக்கு. இடையில் உள்ள 'மரக்காசு மட்டும்' என்ற விலை பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது அடுத்தவர் கூலியின்மேல் நாம் செய்யும் தானம். நம் நேரத்துக்கு மதிப்பில்லை என்று நாமே அறிவித்தால் அவர் நேரத்துக்கும் மதிப்பில்லை என்று வாங்குபவர் முடிவு கட்டுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, விலைச்சீட்டை எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

இதற்கு எங்களுக்குள்ளேயே மறுப்பு எழுந்தது. இயற்பியல் நண்பர் சொன்னார்: "லேசர் வெட்டும் கடை ஊருக்கு ஊர் வந்துவிட்டது. கோப்பைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எம்.டி.எஃப். பலகையில் எந்த எழுத்தும் கிடைக்கும். அண்ணாச்சியின் வேலையை எடுப்பது அந்தக் கடை. நாம் இருபது பலகை செய்ததாலா உலகம் கவிழ்ந்துவிடும்?" வலுவான மறுப்புதான். அட்டைப் புதிர்கள் மரப்புதிரை வென்ற கதையை முன்னர்ச் சொன்னோம். இங்கும் அதுவே நடக்கக்கூடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லேசர்ப் பலகையைக் காட்டி அண்ணாச்சியிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. அது வேறு பொருள் என்று பார்த்தாலே தெரிகிறது. பூவரசில் கையால் திருப்பி அறுத்த எங்கள் பலகையும் அவர் பலகையும் ஒரே பொருள். அவருடைய பொருளை அவருக்கெதிராக மலிவாக்கக் கூடியவர்கள் நாங்கள் மட்டுமே. எந்திரம் செய்யாத தீங்கை அன்பர்கள் செய்ய முடியும்.

இன்னொரு மறுப்பும் வரலாம். பரம்பரையாகச் சிலர்மேல் மட்டும் சுமத்தப்பட்ட கைத்தொழிலைப் பிறரும் கற்பது நல்லதுதானே, அதற்கு ஏன் தடை? தடை சொல்லவில்லை. கற்பது நல்லது மட்டுமன்று, இன்றியமையாதது என்பதே எங்கள் எண்ணம். எழுத்தறிந்தவர் கருவி தொடமாட்டார், கருவி தொடுபவருக்கு எழுத்து எட்டாது என்று நெடுங்காலம் பிரித்து வைத்திருந்த சமூகம் இது. அந்தக் கோட்டை அழிக்க ஒரு ரம்பம் ஏதோ கொஞ்சம் உதவும் என்றால் மகிழ்ச்சியே. ஆனால் கோட்டைத் தாண்டி வருபவர் வெறும் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பின் கணக்கை அந்தப் பக்கமே விட்டுவிட்டால் அது கற்பதாகாது. பொழுதுபோக்காளர் பலரும், நாங்கள் உட்பட, அறுப்பதைக் கற்கிறோம், பேணுவதைக் கற்பதில்லை. பேணுதல் தெரியாதவருக்கு ஒரு பொருளின் உண்மை விலையும் தெரியாது. எங்கள் தொழுவத்தில் துருவும் முந்நூறு ரூபாயும் ஒன்றாக இருந்தது தற்செயலன்று.

இலக்கிய நண்பருக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நமக்கு ஏடுகளின் கதை தெரியும். ஏட்டைத் தூசு தட்டி, எண்ணெய் பூசி, சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி வந்தவர்களால் வந்து சேர்ந்தவைதான் நாம் பாடம் சொல்லும் நூல்கள். பூசைக்கு மட்டும் எடுத்து, மற்ற நாளில் பரணில் போட்ட வீடுகளிலிருந்து கரையான் மண்தான் கிடைத்தது. பெயர்த்தெழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. பாடியவரைக் கொண்டாடுகிறோம், பதிப்பித்தவரை ஓரளவு நினைக்கிறோம், நடுவில் முந்நூறு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓலை மாற்றியவரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பேணுதலைக் கணக்கில் எடுக்காத பழக்கம் தொழுவத்தில் தொடங்கியதன்று.

*

என்ன செய்தோம் என்று சொல்லாமல் முடிப்பது முறையாகாது. புதிய வீட்டுக்காரரைத் தேடிப்போய், முந்நூறு ரூபாய் என்பது எங்கள் அறியாமை என்று விளக்கினோம். அவர் நம்பவில்லை, வேறு யாருக்கோ கூடுதலாக விற்கப் பார்க்கிறோம் என்று நினைத்தார். பலகை கேட்பவர்களை இப்போது அண்ணாச்சியிடம் அனுப்புகிறோம். சிலர் போகிறார்கள், சிலர் லேசர் கடைக்குப் போகிறார்கள். நாங்கள் வரைந்த எழுத்து வரைபடங்களை அவருக்குக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் எங்கள் ணகரம் மெலிந்து நிற்கிறது, மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒடியும் என்று சொல்லி அதை மாற்றிவிட்டார். மாற்றியபின் எழுத்தும் அழகாக இருந்தது. எங்கள் எந்திரத்தை வந்து பயன்படுத்துமாறு அழைத்தோம். இருமுறை வந்தார். கை ரம்பமே தமக்குப் பழக்கம் என்று பிறகு வரவில்லை. அதைப் பற்றி நாங்கள் வற்புறுத்தவில்லை.

புருவத்தை உயர்த்திய நண்பர் சென்ற வாரம் வந்திருந்தார். வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். தொழுவத்தில் கிடந்த பழைய 'அன்பகம்' பலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமக்கும் ஒன்று வேண்டும், விலை என்ன என்றார். அண்ணாச்சி வீட்டுக்கு வழி சொன்னோம்.

"ஏன், நீங்களே செய்து தரக்கூடாதா?"

"தருவோம். காசு வாங்க மாட்டோம். ஆனால் வரிசையில் இருக்கிறீர்கள், ஓராண்டாவது ஆகும்."

கிரகப்பிரவேசம் தை மாதம் என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சியின் தெரு எது என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.